எட்டாயிரத்தோடு நின்ற கணக்கு

என் அன்பு மாப்பிள்ளை செல்வத்துக்கு,

நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம். உன் கை சுத்தமான கை என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். கம்பெனியின் தலைப்புத் தாளில், முத்திரையோடு. முத்திரை குத்தியது யார் தெரியுமா? நம் ரப்பர் ஸ்டாம்பேதான்.

எது வந்தாலும் படிக்காமல் குத்துவார் என்று நம் ஆய்வகத் தலைவருக்கு நீ வைத்த பெயர் அது. இந்த முறை அவர் படித்தார். இரண்டு தரம் படித்தார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மை காய்ந்திருந்ததோ என்னவோ, முத்திரை பாதிதான் விழுந்தது. "சரியா விழல சார், இன்னொரு தடவ குத்துங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் நான் பிறந்தேனோ என்று தோன்றியது.

உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன். நீ என் தங்கை கலாவைக் கட்டிய பிறகு வீட்டில் 'வாங்க மாப்பிள்ளை', வேலையிடத்தில் 'டேய் செல்வம்' என்று பழகிய வாய் இது. நீயும் அப்படித்தானே? கலா முன்னால் 'சாப்ட்டீங்களா மச்சான்', ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டால் 'யோவ் மச்சான்'. இப்போது நாம் ஆய்வகத்தில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்.

இதை வேறு பலரும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீ கொட்டாவி விடாதே.

பாமாயில் தரும் செம்பனையில் ஓடு மெலிந்த பழமும் உண்டு, ஓடு தடித்த பழமும் உண்டு. ஓடு தடித்தால் எண்ணெய் குறைவு. கன்றாக இருக்கும்போது இரண்டும் ஒரே முகம். நட்டு, உரம் போட்டு, மூன்று வருடம் காத்திருந்து முதல் குலையை வெட்டும்போதுதான் எது என்று தெரியும். அவ்வளவு நாள் யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக, கன்று விற்பனைக்குப் போகும் முன்பே இலையைக் கிள்ளி டிஎன்ஏவைப் பார்த்துச் சொல்வது ஜோகூரில், ஸ்கூடாயில் உள்ள நம் ஆய்வகத்தின் வேலை. ஓடு மெலிந்த நல்ல கன்றில் அந்த மரபணுவின் இரண்டு வடிவங்களும் பாதிக்குப் பாதி இருக்கும். தடித்த ஓட்டுக் கன்றில் ஒரே வடிவம்தான் இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் இரண்டு வழி இருந்தது. உன் வழி பழையது. கன்றுக்கு ஒரு குழியாகத் தட்டில் இலையைப் போட்டு, டிஎன்ஏ எடுத்து ஜெல்லில் ஓட்டுவாய். நல்ல கன்றுக்கு இரண்டு கோடு, மற்றதற்கு ஒரு கோடு. என் வழி புதியது. ஒரு பாத்தியின் இலைகளையெல்லாம் சேர்த்து அரைத்துக் கருவியில் போட்டால், அது அந்த ஒரே இடத்தைப் பல்லாயிரம் முறை படித்துத் துணுக்குகளாகத் தரும். எந்த வடிவத்துக்கு எத்தனை துணுக்கு என்று என் மென்பொருள் எண்ணும். பாதிக்குப் பாதி வந்தால் நல்ல தொகுதி. ஒரு பக்கம் ஏறினால் கலப்படம். அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் நான் வெளிநாடு போய் முனைவர் பட்டம் வாங்கி வந்தேன்.

செடெனாக் பக்கத்து நாற்றுப்பண்ணையிலிருந்து அந்தத் தொகுதி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு பாத்தி. உன் ஜெல்லில் ஒற்றைக் கோடு ஏராளம். என் அறிக்கையில் அப்பழுக்கில்லாத பாதிக்குப் பாதி.

ரப்பர் ஸ்டாம்பு நம் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு இரண்டு தாளையும் மேசையில் போட்டார்.

"எது சரி?"

"ரெண்டுமே சரியா இருக்கலாம் சார்" என்றாய் நீ. "திரும்ப ஒரு தடவ எண்ணிப் பாத்தா என்ன?"

"மெஷினு அத்தன ஆயிரம் தடவ படிக்குது. நீங்க கைல பிடிச்சது எத்தன, ஒரு தட்டு? ரெண்டாவது கோடு விழலன்னா கன்னு மேல தப்பு இல்ல செல்வம், டிஎன்ஏ எடுத்த கை மேல தப்பு" என்றார் அவர்.

நீ என்னைப் பார்த்தாய். அப்போது நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு நினைவிருக்கிறது. "மென்பொருளுக்கு யார் மேலயும் கோபம் கெடையாது சார். அது சும்மா எண்ணும்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருடம் பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில் இருந்தது. அதற்கு முன் என்னைத் தாண்டி மூன்று பேரை ஏற்றிவிட்டிருந்தார்கள். மூவர் பெயரும் இன்றும் வரிசையாகச் சொல்வேன். நாலாவது முறையும் தாண்டிவிடக் கூடாது என்று அறிவாளி போல் பேசினேன். தாண்டித்தான் போனார்கள்.

வெளியே வந்ததும் வராந்தாவில் என் கையைப் பிடித்தாய். "மச்சான், அது முழுசா எண்ணுச்சான்னு மட்டும் பாத்துடுங்க."

ஆய்வகத்தில் நீ என்னிடம் 'நீங்க' என்று பேசியது அந்த ஒரே முறைதான். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் என்ன சொன்னேன்? "அலமாக், ஒனக்கு என்னடா தெரியும் அதப் பத்தி?" சொல்லிவிட்டு உள்ளே போய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பெரியது. உனக்குத் தெரியும்.

உனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு எச்சரிக்கைக் கடிதம். 'கவனக்குறைவான கையாளுதல்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். பதினெட்டு வருடம் வேலை செய்த கையைப் பற்றி. நீ ராஜினாமா செய்துவிட்டு, சிங்கப்பூரில் மின்னணு தொழிற்சாலை ஒன்றில் போய்ச் சேர்ந்தாய். ஒன்றரை வருடம் கழித்து, விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்சுக்கு வரிசையில் நின்றவன் அப்படியே உட்கார்ந்தாய். எழவில்லை. இதயம் என்றார்கள்.

உன் இறுதிச் சடங்குக்கு வராதவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பு மலர்வளையம் மட்டும் அனுப்பினார். ஆனால் அன்றைக்கு வந்தவர்களிலும் ஒருவன் வந்திருக்கக் கூடாது என்று கலா நினைத்தாள். எல்லார் முன்னாலும் அமைதியாகத்தான் சொன்னாள். "அண்ணே, கையெழுத்துப் போட்டீங்கல்ல. அது போதும். கெளம்புங்க." அதோடு என் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய் கேட்டில் மாட்டிவிட்டு வருவேன். டப்பா கழுவித் திரும்பி வரும். சொல் வராது.

பிறகு, இந்த வருடம், அஞ்சலை அக்கா வந்தார்.

உனக்கு அவரைத் தெரியாது. யோங் பெங்கில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துச் செம்பனை போட்டிருக்கிறார். அந்தத் தொகுதியிலிருந்து கன்று வாங்கியவர்களில் ஒருவர். ஒரு காலை நேரம் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு நம் வரவேற்பு மேசைக்கு வந்து, "இந்தப் பேப்பருல கையெழுத்துப் போட்ட டாக்டரு யாரு?" என்றார். என்னைக் கூப்பிட்டார்கள். பேப்பரை ஒரு கண், என்னை ஒரு கண் பார்த்தார்.

"நீங்கதானா? கையெழுத்து பெரிசா இருந்துச்சு. ஆளும் பெரிசா இருப்பாருன்னு நெனச்சேன்."

சாக்கை அப்படியே கவிழ்த்தார். பழங்கள் தரையெல்லாம் உருண்டன. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து ஒன்றைப் பிளந்தார். சதை மெல்லிய தோல் மாதிரி. ஓடு என் விரல் கனம்.

"மூனு வருசம் தண்ணி ஊத்துனவ நான், டாக்டரு. முன்னாடி வரிசையில நட்டது மட்டும் நல்லா காய்க்குது. பின்னாடி பூரா இந்தக் கல்லுதான். நீங்க பாத்துதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"பாத்துதான் போட்டேன்" என்றேன்.

"எதப் பாத்தீங்க?"

மாப்பிள்ளை, என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேராசிரியர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

உட்கார்ந்து பழைய கோப்பைத் திறந்தேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், யாரும் பார்க்காத ஓர் அட்டவணையில், 'ஆழம்' என்ற பத்தி. அதாவது அந்த இடத்தில் எத்தனை துணுக்குகளை எண்ணியது என்ற கணக்கு. எட்டாயிரம் என்று இருந்தது. அதற்கு முந்தைய தொகுதியைத் திறந்தேன். அங்கும் எட்டாயிரம். அதற்கு முந்தையதிலும். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. இலையை அரைத்து எடுத்த டிஎன்ஏ எங்கேயாவது இவ்வளவு உருண்டையான எண்ணாக வருமா? வருடக்கணக்கில் அந்த எண்ணைப் பார்த்து, 'நல்ல ஆழம்' என்று திருப்திப்பட்டவன் நான்.

நம் மென்பொருளுக்கு ஒரு வரம்பு இருந்திருக்கிறது. ஓரிடத்தில் எட்டாயிரம் துணுக்கு வரைதான் எண்ணும். அதற்கு மேல் வருபவை வரவே இல்லை என்று எழுதிக்கொள்ளும். சிங்கப்பூர் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடிநுழைவுக் கவுண்டரில் எட்டாயிரம் பேரை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி, இன்றைக்கு எட்டாயிரம் பேர்தான் ஜோகூரை விட்டுப் போனார்கள் என்று எழுதுகிற அதிகாரியை நினைத்துப் பார். காலை ஆறு மணிக்கு அந்த வரிசையில் நின்றவன் நீ. உனக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னும் மோசம் ஒன்று. வாடிக்கையாளருக்குத் தொகுதிக்கு ஒரே எண்தான் வேண்டும் என்பதால் பன்னிரண்டு பாத்தியின் கோப்புகளையும் வரிசையாக ஒட்டி ஒரே கோப்பாக ஓட்டுவது என் வழக்கம். அப்படி ஒட்டும்போது முதல் பாத்தியின் துணுக்குகள்தான் முன்னால் நிற்கும். முதல் பாத்தியில் மட்டுமே எட்டாயிரத்தைப் போல் பல மடங்கு இருந்தது. அப்படியென்றால் என் அறிக்கை பன்னிரண்டு பாத்தியைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பாத்தியின் ஒரு மூலையைப் பார்த்துவிட்டு, நான் மற்ற பதினொன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ரப்பர் ஸ்டாம்பிடம் போனேன். "பழைய ஃபைல தோண்டாதீங்க. அந்தாளும் இல்ல, வேலையும் முடிஞ்சுது" என்றார். 'அந்தாளும் இல்ல.' அந்தச் சொல்லையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. முதல் பாத்தி அவ்வளவு சுத்தமாக இருந்தால், உன் ஜெல்லில் ஏன் அது தெரியவில்லை? நீ ஏன் அத்தனை ஒற்றைக் கோடு பார்த்தாய்? அதற்கு உன் குறிப்பேடு வேண்டும். அது கலாவிடம் இருந்தது.

கூலாயில் உன் வீட்டு வாசலில் நின்று, கம்பிக் கேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து விஷயத்தைச் சொன்னேன். எட்டாயிரம், பாத்தி, வரிசை எல்லாம். கலா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். உள்ளே போனாள். நேரமாயிற்று. வரமாட்டாள் என்று கிளம்பப் போனேன். கேட் கம்பிக்கு நடுவே உன் நீல அட்டை நோட்டு நீண்டது.

"திருப்பிக் குடுத்துடணும்" என்றாள். இரண்டரை வருடத்தில் முதல் சொல்.

காருக்குள் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். உன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் மேலேயே இருந்தது: 'ஆபீஸ் கேட்: நாய். பின் கேட் வழியா போய் 12லேர்ந்து ஆரம்பம். 9ல தட்டு நெறஞ்சுது.'

சத்தம் போட்டுச் சிரித்தேன், மாப்பிள்ளை. பிறகு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மலைப்பாம்பைக் கையில் பிடித்துச் சாக்கில் போடுகிறவன், அந்தப் பண்ணையின் குட்டை நாய்க்குப் பயந்து பின்வாசல் வழியாக நுழைந்திருக்கிறாய். அந்த நாய் உன்னைப் பின்னாலிருந்து ஆரம்பிக்க வைத்தது. என் மென்பொருள் முன்னாலிருந்து ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டது. பண்ணைக்காரர்களின் வழக்கமும் பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அலுவலகத்தை ஒட்டிய முதல் பாத்தியை 'விருந்தாளிப் பாத்தி' என்பார்கள். வருகிறவர்கள் அங்கேதான் நின்று படம் எடுப்பார்கள் என்று, சான்றிதழோடு வந்த விதையை அங்கே போட்டுவிட்டு, மகரந்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாத விதையைப் பின்னால் போடுவார்களாம்.

'ரெண்டுமே சரியா இருக்கலாம் சார்.' எப்படியடா அன்றைக்கே சொன்னாய்?

அந்த வார சனி, ஞாயிறு இரண்டு பகலும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தேன். முதலில் வரம்பை ஏற்றிப் பார்த்தேன். நம் பதிப்பில் வரம்பை எழுதும் கட்டம் எட்டாயிரத்துக்கு மேல் எந்த எண்ணையும் வாங்காது, சிவப்பாகிவிடும். மென்பொருள் செய்தவர்களுக்கு ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தேன். அளவில்லாமல் எண்ணினால் கணினியின் நினைவகம் நிரம்பிவிடும், அதற்காக வைத்த வரம்பு, கையேட்டில் குறிப்பிட்டிருக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பார்த்தேன். குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கையேட்டை நான் படிக்கவே இல்லை. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டவன்.

சரி, கதவு அகலமாகாது என்றால் கூட்டத்தைப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். முதலில் பாத்தி வாரியாகப் பிரித்தேன். பிறகு ஒவ்வொரு பாத்தியையும் எட்டாயிரத்துக்குக் குறைந்த சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைத்தேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியாக அதே மென்பொருளில் ஓட்டி, வந்ததைக் கூட்டினேன். உள்ளே போன துணுக்கும் எண்ணி வெளியே வந்த துணுக்கும் ஒத்துப்போக வேண்டும். முதல் முறை உதைத்தது. தேடினால், ஏழாம் பாத்தியின் கடைசிப் பொட்டலத்தை நான் ஓட்டவே இல்லை. நாலு வருடத்துக்கு முன்பாக இருந்தால் 'பரவாயில்லை லா' என்று விட்டிருப்பேன். மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். ஒத்துப்போனது. அதுவும் போதாதென்று, மென்பொருளையே தொடாமல், துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டு வடிவத்தையும் பிரித்துக் காட்டும் அந்த ஒரு டிஎன்ஏ எழுத்தை மட்டும் எண்ணுகிற சின்ன நிரல் ஒன்றை நானே எழுதி ஓட்டினேன். அதே எண்.

முதல் பாத்தி பாதிக்குப் பாதி. இரண்டாவதும் கிட்டத்தட்ட அப்படியே. மூன்றாவதிலிருந்து ஒரு பக்கம் ஏற ஆரம்பித்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பார்த்தபோது உன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீ கையால் எண்ணிய ஒற்றைக் கோடுகளின் விகிதமும் இத்தனை ஆயிரம் துணுக்கு சொன்ன விகிதமும் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன.

ஒரு தட்டு, மாப்பிள்ளை. ஒரே ஒரு தட்டு. அவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறாய்.

திங்கட்கிழமை நான் ரப்பர் ஸ்டாம்பிடம் போகவில்லை. அஞ்சலை அக்காவிடம் போனேன். புகாரைத் தலைமையகத்துக்கே எழுதுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை, நேராகக் கோலாலம்பூருக்கே போய் உட்கார்ந்துவிட்டார், சாக்கோடு. பத்து நாளில் தலைமையகத்திலிருந்து ஒரு மேடம் வந்து இறங்கினார். கூட்ட அறையில் மேடம், ரப்பர் ஸ்டாம்பு, நான், புகார்க்காரர் என்ற முறையில் அஞ்சலை அக்கா.

"இது பழைய விஷயம், அப்ப இருந்த டெக்னீஷியன் கவனக்குறைவு…" என்று ரப்பர் ஸ்டாம்பு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

நான் கணினியைத் திருப்பி வைத்தேன். பழைய பன்னிரண்டு கோப்பையும் பழைய வரிசையில் ஒட்டி ஓட்டினேன். பாதிக்குப் பாதி, ஆழம் எட்டாயிரம், 'தொகுதி தேர்ச்சி' என்று பச்சையாக வந்தது. ரப்பர் ஸ்டாம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு அதே பன்னிரண்டு கோப்பைத் தலைகீழாக, பன்னிரண்டாம் பாத்தி முதலாக ஒட்டினேன். அதே மென்பொருள், அதே பொத்தான். சிவப்பு. 'தொகுதி தோல்வி.' ஆழம் அதே எட்டாயிரம்.

மேடம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்படியானால் எது உண்மை என்று மேடம் கேட்டார். இரண்டும் இல்லை, இரண்டுமே ஒரு மூலைதான் என்று சொல்லி, பொட்டலம் பொட்டலமாக எண்ணிய முழுக் கணக்கை எடுத்து வைத்தேன். பக்கத்தில் உன் நீல நோட்டை வைத்தேன். இதைக் கையால் எண்ணியவரைத்தான் கவனக்குறைவு என்றோம் என்றேன்.

ரப்பர் ஸ்டாம்பு நோட்டைப் புரட்டி, "இந்த நாய்ன்னு எழுதியிருக்கே, இதெல்லாம் ஒரு அறிவியல் குறிப்பா?" என்றார்.

அஞ்சலை அக்கா சாக்கிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவர் முன்னால் உருட்டிவிட்டார். "அப்ப இதக் கடிச்சுப் பாருங்க சார். பல்லு நின்னா நீங்க சொல்றது சரி."

மேடம் தமிழ் தெரியாதவர். ஆனால் அவர்தான் முதலில் சிரித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வரம்பைத் தொட்ட பழைய தொகுதிகள் எல்லாவற்றையும் மறுபடி எண்ண உத்தரவு வந்தது. எண்ணுவது நான்தான். அஞ்சலை அக்காவுக்கும் அந்தத் தொகுதியில் வாங்கிய மற்றவர்களுக்கும் பண்ணை புதுக் கன்று கொடுக்கிறது. போன மூன்று வருடத்தை யாரும் கொடுக்க முடியாது. அதை அக்கா என்னிடம் சொல்லாமல் விடவில்லை. இனி எந்தத் தொகுதியிலும் மாதிரி எடுப்பது கடைசிப் பாத்தியிலிருந்துதான் என்று நம் செயல்முறைக் கையேட்டில் எழுதியாகிவிட்டது. உள்ளே போனதும் எண்ணியதும் ஒத்துப்போகிறது என்ற வரி இல்லாமல் எந்த அறிக்கையும் வெளியே போகாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் பின்னாலிருந்து என்று கேட்டால், ஒரு நாய் இருந்தது என்று ஆரம்பித்து உன் கதையைச் சொல்கிறார்கள்.

உன் மேல் இருந்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்ற கடிதத்தோடு கூலாய்க்குப் போனேன். ஜெயித்தவன் நடையில்தான் போனேன், மறைப்பானேன். கலா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதும் படித்தாள். 'செல்வத்தின் பணியில் எந்தக் குறையும் இல்லை' என்ற வரியை விரலால் தொட்டாள். பிறகு அதற்குக் கீழே இருந்த வரியைத் தொட்டாள். 'மென்பொருளின் வரம்பினால் ஏற்பட்ட பிழை' என்றிருந்தது.

"இதுல ஒங்க பேரு எங்க?"

"அது… பொதுவா மென்பொருள்னு போட்டிருக்காங்க ம்மா."

"மென்பொருளு கையெழுத்துப் போடாது அண்ணே."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லார் மேலும் எனக்கு இருக்கும் கோபத்துக்குத் தேதி உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. என் மேல் இருக்க வேண்டிய ஒன்றுக்கு மட்டும் இத்தனை நாள் மென்பொருள், வரம்பு, ரப்பர் ஸ்டாம்பு என்று வேறு வேறு பெயர் வைத்திருந்தேன். அன்றே உட்கார்ந்து தலைமையகத்துக்கு எழுதினேன். அறிக்கையைச் சரிபார்க்க வேண்டியவன் நான். செல்வம் கேட்டும் சரிபார்க்கவில்லை. கையேட்டைப் படிக்கவில்லை. அவர் மேல் பழி விழுந்தபோது உண்மையைத் தேடாமல் சிரித்தேன். கீழே என் முழுப் பெயர், ஊழியர் எண், அந்தப் பெரிய கையெழுத்து. அவர்கள் எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டேன். இவ்வளவு வருட வேலையில் எனக்கு நியாயமாகக் கிடைத்த முதல் கடிதம் அது.

அதன் நகலையும் உன் நோட்டையும் எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பலாம் என்றுதான். கேட் திறந்திருந்தது. கலா வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செருப்ப உள்ள விடுங்க அண்ணே. மழ வருது."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

நோட்டை உன் படத்துக்குக் கீழே அவளே வைத்தாள். உன் மகள் சுருதி அதை எடுத்து, நாய் எழுதிய பக்கத்தைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்திருக்கும் படிப்பு என்ன தெரியுமா? உயிரியல். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கலா முறைத்தாள். விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. மறுபடி எண்ண வேண்டிய தொகுதிகள் இன்னும் அலமாரி நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கடைசிப் பாத்தியிலிருந்து, கடைசித் துணுக்கு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் அந்த ஆய்வகத்தை விட்டு வெளியே வருவேன். உன்னைப் போல் வேறு யாராவது ஒரு கை அங்கே அழுக்கென்று எழுதப்பட்டிருந்தால், அதையும் துடைத்துவிட்டுத்தான்.

இந்தக் கடிதத்தை நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு, நினைவஞ்சலிப் பக்கத்துக்கு அனுப்பப் போகிறேன். உன் படம் மேலே வரும். கீழே என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். பழக்கத்தில் கையெழுத்து பெரிதாக விழுந்து, உன் பெயரை விடப் பெரிதாக நின்றது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், தலைமையகத்துக் கோப்பில், இருக்கிறது. யார் என்று தெரிய வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். இந்தப் பக்கத்தில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும், அது உன்னுடையது. உறை பக்கத்தில் தயாராக இருக்கிறது. பெயர் போடாமலே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சுருதியின் தாய்மாமன்